சைக்கோபிஜி 2: இணைப்பு அறுந்தால் என்ன ஆகும்?

பைதானிலிருந்து போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு பேச சைக்கோபிஜி 2 நல்ல லைப்ரரி. போஸ்ட்கிரெஸோடு இணைய அதன் சொந்த லைப்ரரியான லிப்பிக்யூ மேல் சி மொழியில் கட்டப்பட்டது. வேகத்தில் குறை சொல்ல இடமில்லை. நெட்வொர்க் தடுமாறும்போதுதான் அதன் பலவீனம் தெரியும்.

நிறுவும்போது 'பிஜி_கான்ஃபிக் இல்லை' என்று நின்றால், உபுண்டுவில் லிப்பிக்யூ-டெவ், பைதான்3-டெவ், ஜிசிசி மூன்றையும் போட்டுவிட்டு மறுபடி பிப் ஓட்டுங்கள். முன்பே கம்பைல் செய்து வரும் பைனரி பொதி சட்டென்று ஏறும். ஆனால் தனக்கென ஒரு எஸ்எஸ்எல் (மறையாக்க) லைப்ரரியைச் சுமந்து வருவதால், சிஸ்டத்தில் போடும் பாதுகாப்புத் திருத்தம் அதைத் தொடாது. சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இணையும்போது எத்தனை வினாடி காத்திருப்பது என்று சொல்லும் கனெக்ட்_டைம்அவுட் கொடுக்காவிட்டால் லிப்பிக்யூ காத்திருப்புக்கு எல்லையே வைக்காது. 5 வினாடி போதும். ஆனால் அது இணையும் நேரத்துக்கு மட்டுமே. சும்மா கிடக்கும் இணைப்பை நடுவிலுள்ள ஃபயர்வால் சத்தமில்லாமல் வெட்டிவிட்டால், லினக்ஸ் வழக்கமாக 7,200 வினாடி கழித்தே சோதிக்கத் தொடங்கும். கீப்அலைவ்ஸ்_ஐடில் (சோதனை தொடங்குமுன் சும்மா இருக்கும் வினாடி) 30, இன்டர்வல் (சோதனைகளுக்கு இடைவெளி) 10, கவுன்ட் (பதிலில்லாத சோதனைகள்) 3 என்று வையுங்கள். ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அனுப்பிய கேள்வி போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாமல் தொங்கும் நிலைக்கு இது உதவாது. அதற்கு டிசிபி_யூசர்_டைம்அவுட் வேண்டும், மில்லிவினாடியில்.

இணைப்பின் 'குளோஸ்டு' பண்பை நம்ப வேண்டாம். சர்வர் செத்த பிறகும், அடுத்த கேள்வியை அனுப்பும்வரை அது 0 (திறந்திருக்கிறது) என்றே காட்டும். ஆபரேஷனல் எரர் வந்து இணைப்பு போய்விட்டதென்றால் அதைத் தூக்கிப் போட்டுப் புதிதாக இணையுங்கள். மாற்றங்களை நிலையாகப் பதியும் கமிட் போய்க்கொண்டிருக்கும்போது அறுந்ததா? அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பாதீர்கள்: சர்வரில் பதிவாகி, பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். பணம் சம்பந்தப்பட்ட அட்டவணையில் ஒரு தனித்துவச் சாவி இருந்தால்தான் இரட்டைப் பதிவு தடுக்கப்படும்.

இணைப்பை வைத்து எழுதும் பைதானின் 'வித்' தொகுதி முடிந்தால் கமிட் ஆகும், இணைப்பு மூடாது. இதில் ஏமாறுபவர்கள் ஏராளம். இணைப்புகள் சேர்ந்துகொண்டே போய், போஸ்ட்கிரெஸின் இயல்பு வரம்பான 100-ஐ முட்டும். சைக்கோபிஜி 2-வோடு கூடவே வரும் பூலும் (இணைப்புகளைச் சேர்த்து வைத்து மறுபடி பயன்படுத்தும் வசதி), இடமில்லை என்றால் காத்திருக்காமல் உடனே பிழை எறியும்.

2021-இல் வந்த சைக்கோபிஜி 3 இவ்விரண்டையும் திருத்தியிருக்கிறது: 'வித்' இணைப்பை மூடுகிறது, தனிப் பொதியாக வரும் பூல் 30 வினாடி காத்திருக்கிறது. புது வேலைக்கு இதையே எடுங்கள். இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் இடைநிலை மென்பொருளான பிஜிபவுன்சர், 1.22-க்கு முந்தையதாக, டிரான்ஸாக்ஷன் முறையில் நடுவே இருந்தால் மட்டும், கேள்வியை எத்தனை முறைக்குப் பின் சர்வரில் தயாரித்து வைப்பது என்று சொல்லும் பிரிப்பேர்_த்ரெஷோல்டை 'நன்' ஆக்குங்கள்; இல்லையென்றால் ஒரே கேள்வி ஐந்து முறைக்கு மேல் ஓடியதும் 'பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் இல்லை' என்ற பிழை வரத் தொடங்கும்.