கான்டெஸாவுக்கு நாக் சென்சார் போடப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் பழைய கார் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். 22,000 ரூபாய்க்கு ஒரு பெட்டி வாங்கிப் பொருத்தி, அதை நம்பி ஓட்டி, எங்கப்பா முப்பது வருஷம் காப்பாற்றி வைத்த இன்ஜினை நான் கெடுத்துவிட்டேன். கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் வேலை எப்படி நடந்தது என்பதை ஒன்றுவிடாமல் சொல்கிறேன். அதே வேலையை வேறு யாராவது செய்தாலும் உங்களுக்குப் பிடிபட வேண்டும்.

வண்டி 1993 மாடல் கான்டெஸா கிளாசிக், இசுசு 1.8 பெட்ரோல். சோமனூரில் தறி நன்றாக ஓடிய காலத்தில் அப்பா வாங்கியது. நம் நாட்டில் மசில் கார் என்று இதைத்தான் சொல்வார்கள். நீளமான பானெட், 1817 சிசி, ஐந்து கியர். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், அவ்வளவுதான். இன்ஜினைப் பார்த்துக்கொள்ள கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவிநாசி ரோட்டில் ரேடியேட்டர் ஒழுகி, சூடேறி, ஹெட் வளைந்துவிட்டது. லேத்தில் கொடுத்து ஃபேஸிங் பிடித்தோம். ஹெட்டைச் சீவினால் எரியும் இடம் சிறுத்துவிடும், கம்ப்ரஷன், அதாவது உள்ளே கலவை நசுங்குகிற அளவு, ஏறும். அதிலிருந்து மேட்டில் பெரிய கியரில் அழுத்தினால் நாக் அடிக்க ஆரம்பித்தது. தகர டப்பாவில் நாலு ஆணியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். பிளக்கில் பற்றிய தீ பரவி முடிவதற்குள், ஓரத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை அழுத்தத்திலும் சூட்டிலும் தானே வெடிப்பதுதான் நாக். கொஞ்ச நேரம் பரவாயில்லை. விடாமல் அடித்தால் பிஸ்டனைத் தின்றுவிடும்.

அதுவரை காதை வைத்தே சமாளித்தேன். மேடு வந்தால் கண்ணாடியை இறக்குவேன், சத்தம் கேட்டால் காலை எடுத்து ஒரு கியர் குறைப்பேன். அப்பாவும் அப்படித்தான் ஓட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் முதலில் பாட்டை நிறுத்தச் சொல்வார்.

அப்புறம்தான் கோவையில் அந்தக் கடையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பழைய வண்டிகளுக்கு நாக் சென்சார் கிட் போடுகிறார்கள் என்றார்கள். சொன்ன விஷயம் பொய்யில்லை. அமெரிக்காவில் பியூயிக் டர்போ வண்டிகளில் 1978-லேயே இது வந்துவிட்டது. நாக் அடிக்கும்போது சிலிண்டர் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அதிரும். பிளாக்கில் முறுக்கிய சென்சார் அந்த அதிர்வை மின்சாரமாக மாற்றித் தரும், பெட்டி அதைப் பார்த்து டைமிங்கை, அதாவது பிளக் தீப்பொறி விடும் நேரத்தை, பின்னுக்கு இழுக்கும். ஒழுங்காகச் செய்தால் என் வண்டி மாதிரி வண்டிக்கு அதைவிட நல்லது வேறில்லை. அதனால்தான் போனேன்.

"இதப் போட்டுட்டீங்கன்னா காதைத் தீட்டிக்கிட்டு ஓட்ட வேண்டியதில்லீங்கண்ணா. பச்சை எரிஞ்சா பயமில்லீங்க. சிவப்பு வந்தா பெட்டியே டைமிங்கைக் குறைச்சுக்குமுங்க" என்றார் கடைக்காரர். டேஷ்போர்டுக்குக் கீழே தீப்பெட்டிக் கட்டு அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. சாவியைத் திருப்பினால் சிவப்பு இரண்டு நொடி எரியும், அப்புறம் பச்சை நிற்கும். ஏதோ தன்னைத்தானே சோதித்துக்கொள்கிற மாதிரி இருந்தது. நம்பிவிட்டேன்.

அவர் என்னிடம் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. இன்ஜின் போர், அதாவது சிலிண்டரின் உள் விட்டம், எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை. நாக் எந்த அதிர்வெண்ணில் வரும் என்பது போர் அளவைப் பொறுத்தது. 900-ஐ, பை (π, 3.14) என்ற எண்ணையும் சிலிண்டர் ஆரத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் கிலோஹெர்ட்ஸில் கிடைக்கும். ஆரம் மில்லிமீட்டரில். என் வண்டிக்குப் போர் 84, ஆரம் 42, விடை சுமார் 6.8. இதுகூடத் தெரியாமல் டேப்பெட் சத்தத்தையும் செயின் சத்தத்தையும் விட்டுவிட்டு நாக்கை மட்டும் எப்படிப் பிரித்தெடுக்க முடியும்?

மே மாதம் குடும்பத்தோடு வால்பாறை கிளம்பினோம். ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஆள் நிறைய, டிக்கி நிறைய, ஏசி ஓடுகிறது, கண்ணாடி ஏற்றியிருக்கிறது. ஒன்பதாவது வளைவில் நிறுத்தி அணையைப் பார்த்தோம். மறுபடி கிளம்பியதும் இழுவை குறைந்த மாதிரி பட்டது. பெட்டியைப் பார்த்தேன், பச்சை. இன்னும் அழுத்தினேன். அட்டகட்டி வருவதற்குள் பின்னால் நீலப் புகை, ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. லாரியில் ஏற்றிப் பொள்ளாச்சிக்கு இறக்கினோம்.

அங்கே ஒரு வயதான மெக்கானிக் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுப்பொடி தூவின மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள், சிலது பளபளப்பாக இருந்தன. அது பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம். ஹெட்டைக் கழற்றியபோது மூணாவது பிஸ்டனின் ஓரம் கரையான் அரித்த பலகை மாதிரி இருந்தது. ரிங் உட்காரும் இடம் உடைந்து கையோடு வந்தது. "ஏங் கண்ணு, இந்தளவுக்குப் போகோணும்னா வண்டி கத்திட்டே வந்திருக்குமே. உனக்குக் கேக்கலியா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. பெட்டி வருவதற்கு முன்னால் கேட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் பெட்டியைத் திறந்தான். அவன் தறிகளுக்கு எலக்ட்ரானிக் போர்டு சர்வீஸ் செய்கிறவன். உள்ளே ஒரு டைமர் ஐசி, நாலைந்து ரெசிஸ்டர், இரண்டு எல்இடி, கனத்துக்காக ஒரு எம்-சீல் கட்டி. சென்சாரிலிருந்து வரும் ஒயர் பெட்டிக்குள் வந்து, டேப் சுற்றி, எங்கேயும் சேராமல் நின்றது. சென்சார் ஏதோ பழைய மாருதியில் கழற்றியது. அதையும் பிளாக்கில் போடாமல் ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டில் முறுக்கியிருந்தார்கள். பெட்டிக்கு வந்த கரண்ட் ஒயரே இரண்டுதான், இக்னிஷனும் எர்த்தும். பிளக்குக்குக் கரண்ட் போகும் வழியில், டிஸ்ட்ரிபியூட்டருக்கும் காயிலுக்கும் நடுவில் போகாத பெட்டி டைமிங்கை எப்படிக் குறைக்கும்?

திரும்பப் போய்க் கேட்டேன். "பழைய வண்டிங்கண்ணா, எது வேணா ஆகுமுங்க. பெட்டியைத் திறந்துட்டீங்க, வாரண்டி போச்சுங்க." அவ்வளவுதான். பில் என்று கையில் இருப்பது "எலக்ட்ரிக்கல் வேலை" என்று எழுதிய துண்டுச் சீட்டு. நல்லவேளை, பணம் போனில் அனுப்பியதால் அதற்குக் கணக்கு இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் கூப்பிட்டுப் புகார் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். என்ன பொருள், என்ன வேலை செய்யும் என்று பில்லில் எழுதி வாங்காதது என் தப்பு. நீங்கள் எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே போட்டிருக்கிறவர்கள் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். இன்ஜின் ஐடிலில் ஓடட்டும். சென்சாருக்குப் பக்கத்தில் பிளாக்கைச் சின்ன ஸ்பேனரால் படபடவென்று தட்டுங்கள். பெட்டியில் ஏதாவது அசைவு தெரிய வேண்டும். கூடவே ஒருவர் டைமிங் லைட்டை கிராங்க் புல்லி மேல் அடிக்கட்டும். பெட்டி நிஜமாகவே டைமிங்கை இழுத்தால் புல்லியிலிருக்கும் குறி நகர்வது கண்ணுக்குத் தெரியும். இரண்டும் இல்லையென்றால் உங்களிடம் இருப்பதும் பச்சை விளக்குதான். நடுவில் ஓட்டையோடு வட்டமாக இருக்கும் சென்சார் என்றால், பெயின்ட் இல்லாத வெறும் இரும்பில், வாஷர் வைக்காமல், 20 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்சில் முறுக்க வேண்டும். "கையாலயே டைட் பண்ணிட்டேனுங்க" என்றால் விடாதீர்கள்.

பிஸ்டனுக்காக உக்கடம் பழைய பார்ட்ஸ் கடைகள் எல்லாம் அலைந்தேன். போர் போட்டு, எல்லாம் சேர்த்து 74,000 ஆகிவிட்டது. மச்சான் இப்போது சென்சாரைப் பிளாக்கிலேயே முறுக்கி, ஷீல்டு ஒயர் இழுத்து, சின்ன ஆம்ப்ளிஃபயரும் ஹெட்போனும் கொடுத்திருக்கிறான். டைமிங்கை அது தொடாது, இன்ஜினைக் கேட்க மட்டும்தான் முடியும். போன ஞாயிறு மச்சான் வண்டியை ஓட்ட, நான் பக்கத்தில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்தேன். மேட்டில் நாலாவது கியரில் அழுத்தச் சொன்னதும், உறுமலுக்கு நடுவே டிக் டிக்கென்று தனியாகக் கேட்டது. வெறுங்காதுக்கு அது எட்டவே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரை இன்னும் இரண்டு டிகிரி பின்னால் திருப்பினோம், நின்றுவிட்டது.

அந்தக் கறுப்புப் பெட்டி எம்-சீல் கட்டியோடு என்னிடமே இருக்கிறது. இப்படி ஒரு கிட்டுக்கு யாராவது முன்பணம் கொடுத்திருந்தால், வண்டியைக் கடையில் விடும் முன் சோமனூர் வந்து அதைக் கையில் வாங்கிப் பாருங்கள்.