களத்து வழியை மறித்த ஆட்டோமேட்டிக் காரும் வலங்கைமான் சாலைப் பேட்டரிக் கடையும்

கும்பகோணத்திலிருந்து வலங்கைமான் செல்லும் சாலையில், ஒற்றை ஷட்டர் அகலத்துக்கு மேல் இல்லாத பேட்டரிக் கடை ஒன்று இருக்கிறது. ஒரே ஆள் நடத்தும் கடை என்பதாலும், அழைப்புகள் கூடினால் சமாளிக்க முடியாது என்று அவரே கேட்டுக்கொண்டதாலும் பெயரை இங்கே போடவில்லை. அந்தச் சாலையில் நாளும் போய்வருகிறவர்களுக்கு இவ்வளவு அடையாளமே போதும்.

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து காரில் வந்த என் தம்பி, திரும்பும்போது ரயிலில் இடம் கிடைத்ததால் வண்டியை ஊரிலேயே விட்டுவிட்டுப் போனான். வீட்டுக் கொல்லையிலிருந்து களத்துக்கு இறங்கும் சரிவில், முன்பக்கம் கீழ்நோக்கியிருக்க, மூன்று வாரம் அது அசையாமல் நின்றது. சம்பா அறுப்புக்கு பெல்ட் மிஷின் (சக்கரத்துக்குப் பதில் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரம்) வந்த காலையில்தான் அதை நகர்த்த வேண்டிய தேவை வந்தது. சாவியைத் திருப்பினால் மீட்டர் விளக்குகூட எரியவில்லை. கியர் நெம்புகோலோ, வண்டியை நிறுத்திவைக்கும் ‘பி’ (பார்க்) நிலையை விட்டு இம்மியும் நகரவில்லை. மிஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓட்டுநர், அடுத்த ஊரில் ஒப்புக்கொண்ட நேரத்தைச் சொல்லி மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

காப்பீட்டுடன் சேர்த்துக் கொடுத்திருந்த சாலை உதவி எண்ணை முதலில் அழைத்தேன். தஞ்சாவூரிலிருந்து மீட்பு வண்டி வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். அதுவரை என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு, காத்திருக்கும்படி மட்டுமே பதில் வந்தது. பக்கத்து வயல்காரர் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துவிடலாம் என்றார். நல்ல மனசுதான், ஆனால் காருக்கு நல்லதல்ல. ‘பி’யில் நிற்கும் கியர்பாக்சுக்குள் பற்சக்கரம் ஒன்றின் பல்லிடுக்கில் ஒரு கொக்கி விழுந்து பூட்டியிருக்கும், அந்த நிலையில் இழுத்தால் முன்சக்கரங்கள் சுழலாமல் தரையில் தேயும், அல்லது கொக்கியே உடையும். தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வழியில்லை. சாதாரணக் கியர் வண்டியில் கிளட்ச்சை விட்டால் சக்கரம் எஞ்சினைச் சுழற்றும். ஆட்டோமேட்டிக்கிலோ எஞ்சின் ஓடினால்தான் கியர்பாக்சின் எண்ணெய்ப் பம்பே வேலை செய்யும், அதன் அழுத்தம் இல்லாமல் உள்ளே எதுவும் பற்றிக்கொள்ளாது.

அதன்பிறகுதான் இந்தக் கடைக்குப் பேசினேன். அவர் பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல், “சாவி போட்டுத் திருப்புற வண்டியா, பட்டன் வண்டியா சார்? கைப்பிரேக் இழுக்கிற மாதிரியா, அதுவும் பட்டனா?” என்று கேட்டார். அந்தக் கேள்விகளின் அருமை பின்னர்தான் புரிந்தது. பட்டன் வண்டிகள் சிலவற்றில் ஸ்டியரிங் பூட்டும், பட்டன் கைப்பிரேக்கும் மின்சாரம் இல்லாமல் விடுபடா; கியரையே மின்சாரத்தால் மாற்றும் வண்டிகளில் நெம்புகோலின் பூட்டைக் கையால் விடுவிக்கும் துளை பெரும்பாலும் இருக்காது. சாதாரணக் கியர்பாக்சில் கிளட்ச்சையும் கியரையும் வண்டியே இயக்கிக்கொள்ளும் ஏஎம்டி வகையென்றால் கதை வேறு: பல மாடல்களில் ‘பி’ என்ற நிலையே கிடையாது, கியரில் போட்டுத்தான் நிறுத்துகிறோம், பேட்டரி இறந்தபின் நெம்புகோலை நகர்த்தினாலும் உள்ளே கியர் விலகாது. எங்களுடையது சாவி போடும், சிவிடி என்னும் ஆட்டோமேட்டிக் வகை வண்டி, கைப்பிரேக்கும் இழுக்கும் வகைதான் என்றதும், “அப்படின்னா நான் வர்றதுக்குள்ள நீங்களே நகத்திடலாம்” என்றார்.

அவர் சொன்னபடி முதலில் கைப்பிரேக்கை இறுக்கி, முன்சக்கரங்களுக்கு அடியில் இரண்டு செங்கற்களை வைத்தோம். நெம்புகோலுக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்தது. தம்பி நான்கு வருடமாக ஓட்டும் வண்டியில் அதை அவனே பார்த்ததில்லையாம். கீறல் விழாமல் இருக்க மெல்லிய திருப்புளியின் முனையில் துணியைச் சுற்றி அதை நெம்பி எடுத்தேன். பிரேக்கை மிதித்தால் மின்காந்தம் ஒன்று இழுத்து விடுவிக்க வேண்டிய நெம்புகோல் பூட்டை, மின்சாரம் இல்லாதபோது அந்தத் துளை வழியே நாமே அழுத்தி விடுவிக்கிறோம், அவ்வளவுதான் சங்கதி. சாவியைத் திருப்பி வைத்து, பிரேக்கை மிதித்து, திருப்புளியைத் துளைக்குள் அழுத்திக்கொண்டு நெம்புகோலை இழுத்தேன். வரவில்லை. திரும்ப அழைத்தேன். வண்டி சரிவில் நிற்கிறதா என்று கேட்டவர், அதன் பாரம் முழுவதும் அந்தக் கொக்கியின் மேல் சாய்ந்திருப்பதால் இரண்டு பேரை முன்னாலிருந்து பின்னுக்கு ஒரு தள்ளு தள்ளச் சொல்லி அந்த நொடியில் இழுக்கும்படி சொன்னார். ‘டக்’ என்று ஒரு சத்தம். நெம்புகோல் ரிவர்ஸான ‘ஆர்’ஐத் தாண்டி நியூட்ரலான ‘என்’னில் வந்து நின்றது.

நகர்த்தும்போது ஒருவர் உள்ளே உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று அவர் எச்சரித்ததை நான் அலட்சியமாகத்தான் கேட்டேன். எஞ்சின் ஓடாததால் பிரேக் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு கல்லாகிவிட்டது. ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு கையும் வேண்டியிருந்தது. வைக்கோல் போருக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தி, செங்கற்களை மறுபடி வைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன். மிஷின் களத்துக்குள் இறங்கிவிட்டது.

அரை மணி நேரத்தில் வருகிறேன் என்றவர் ஒன்றேகால் மணி நேரம் கழித்து, ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் ஒரு பேட்டரியுடன் வந்தார். மல்ட்டிமீட்டர் 9.1 காட்டியது; நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் இருக்க வேண்டும். சிவப்பு வயரை முதலில் எங்கள் பேட்டரியிலும் பிறகு தம்முடையதிலும் மாட்டினார். கறுப்பைத் தம்முடையதில் மாட்டி, மறுமுனையை எங்கள் பேட்டரியில் மாட்டாமல் எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பில் கவ்வவிட்டார். கடைசி இணைப்பில் தெறிக்கும் பொறி பேட்டரியிலிருந்து வரும் வாயுவுக்குத் தள்ளி இருக்க வேண்டும் என்பதற்காக. இரண்டாவது முயற்சியில் எஞ்சின் பிடித்தது. மீட்டர் 14.1க்கு ஏறியதைக் காட்டி, ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில் குறை இல்லை என்றார்.

புதிய பேட்டரியை அங்கேயே தலையில் கட்டியிருக்கலாம். நானும் வாங்கியிருப்பேன். அவரோ பழையதைக் கடைக்கு எடுத்துப்போய், ஓர் இரவு மெதுவாக சார்ஜ் ஏற்றிச் சோதித்து, மறுநாள் காலையில் அது 12க்குக் கீழே இறங்கியதை நேரில் காட்டிய பிறகே புதியதை எடுத்து வைத்தார். பழையதற்குக் கழித்தது போக 4,900 ரூபாய். வீட்டுக்கு வந்ததற்கு 300. தொலைபேசியில் சொல்லிக் கொடுத்ததற்கு ஒன்றும் வாங்கவில்லை, அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

குறைகளும் உண்டு. சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. வழியில் இன்னொரு வண்டியைப் பார்த்துவிட்டு வந்தது பிறகு தெரிந்தது. பில் கேட்டால்தான் எழுதுகிறார், உத்தரவாத அட்டையில் தேதி போடாமல் கொடுத்துவிட்டதால் நான் மறுபடி போய் முத்திரை வாங்கி வந்தேன். உத்தரவாதம் கேட்கும்போது சிக்கல் வராமல் இருக்க, வாங்குகிறவர்கள் கடையை விட்டு இறங்குவதற்கு முன்பே வரிசை எண்ணையும் தேதியையும் சரிபார்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடை இல்லை. அழைப்பதற்கு முன், உங்கள் காரில் அந்தச் சிறிய மூடி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் அவருக்குப் பேச்சு மிச்சம்.