பச்சை ஸ்கிரீன்ல இருந்து புது சிஸ்டத்துக்கு மாறி நாலு வருஷம் – என் அனுபவம்

சென்னையில ஒரு லைஃப் இன்சூரன்ஸ் கம்பெனில பாலிசி சர்வீசிங் டெஸ்க்ல இருக்கேன். 2021 வரைக்கும் எங்களுக்கு ஏஎஸ்400 தான், அதாவது ஐபிஎம்மோட பழைய கம்ப்யூட்டர் சிஸ்டம், கருப்பு ஸ்கிரீன்ல பச்சை எழுத்து, மவுஸே தொட வேண்டாம், எஃப்3 அடிச்சா வெளிய, எஃப்12 அடிச்சா முந்தின ஸ்கிரீன், விரல் தானா போகும். இப்ப பிரவுசர்ல ஓடுற சிஸ்டம். வேற கம்பெனில இதே வேலை பாக்குற ஃப்ரெண்ட்ஸ் மாறப் போறாங்க, எப்படி இருக்குன்னு கேட்டுட்டே இருக்காங்க, அதான் எழுதுறேன்.

நல்லதை முதல்ல சொல்லிடுறேன். 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்தப்ப பழைய சிஸ்டத்துல புரோகிராமையே திருத்த வேண்டியிருந்துச்சு, ராத்திரி ராத்திரியா உக்காந்து ரசீது செக் பண்ணோம். 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியே இல்லைன்னு ஆனப்ப புது சிஸ்டத்துல இருக்குற ரேட் டேபிள்ல தேதி போட்டு ரேட்டை மாத்துனாங்க, டெஸ்ட் பண்ணோம், வீட்டுக்குப் போயிட்டோம். 2024 அக்டோபர்ல வந்த சரண்டர் விதிக்கும் (பாலிசிய பாதில முடிச்சா எவ்ளோ பணம் திருப்பித் தரணும்ங்கிறது) இப்படித்தான், பெரிய அலைச்சல் இல்ல. புது பாலிசி போடுறதுக்கு இந்த சிஸ்டம் நிஜமாவே அருமை.

பழைய பாலிசிங்க கதை வேற. 2003, 2004ல போட்ட எண்டோமென்ட்ல, அதாவது காப்பீடும் சேமிப்பும் சேர்ந்த பாலிசில, பாதில பிரீமியம் நிறுத்தி பெய்ட்-அப் ஆனது, அதாவது கட்டின அளவுக்கு மட்டும் தொகை குறைஞ்சு தொடருறது, எக்கச்சக்கம். 20 வருஷ பாலிசி, காப்பீட்டுத் தொகை 2 லட்சம், 8 வருஷம் கட்டியிருந்தா 80,000, அதோட அதுவரைக்கும் சேர்ந்த போனஸ், கணக்கு இவ்ளோதான். ஆனா பழைய சிஸ்டம் வருஷா வருஷம் போனஸை ரவுண்ட் பண்ணும், புதுசு கடைசில ஒரே தடவை பண்ணுது, ரெண்டுக்கும் சில ரூபா இடிக்கும், அந்தச் சில ரூபா எங்கருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்க ஒரு நாளே போயிடும். கஸ்டமர்கிட்ட ஏற்கனவே ஸ்டேட்மென்ட் குடுத்திருக்கோமே, குறைச்சுக் குடுக்க முடியுமா?

அதைவிட என்னை ரொம்ப வருத்தப்படுத்தினது பேரு. பழசுல ஒரே கட்டம், "எம் லட்சுமி"ன்னு அடிச்சா முடிஞ்சது. புதுசுல லாஸ்ட் நேம் கட்டாயம். நமக்கு ஏதுங்க லாஸ்ட் நேம், அப்பா பேரோட முதல் எழுத்துதான இனிஷியல். மைக்ரேஷன்ல, அதாவது பழைய டேட்டாவை புது சிஸ்டத்துக்கு மாத்தும்போது, "எம்"மை ஃபர்ஸ்ட் நேமா ஏத்திட்டாங்க, பேங்க் பாஸ்புக்ல "லட்சுமி முருகேசன்", மெச்சூரிட்டி பணம் போடும்போது பேர் ஒத்துப்போகலைன்னு நின்னுடும். ஒரு வயசான அம்மா இதுக்காக மூணு தடவை பஸ் ஏறி பிராஞ்சுக்கு வந்தாங்க, அவங்க கட்டின பணம், அவங்க பாலிசி, தப்பு முழுக்க எங்களோடது. நம்ம ஊர் பேரு பழக்கம் தெரிஞ்ச ஆளு ஒருத்தரையாவது மைக்ரேஷன் டீம்ல உக்கார வெச்சிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பாரு.

அப்புறம் பழைய சிஸ்டத்துல குறிப்பு எழுதுற ரிமார்க்ஸ் கட்டம். பாலிசிய பேங்க்ல அடமானம் வெச்சதைக்கூட சிலர் அதுலதான் எழுதி வெச்சிருந்தாங்க, அது மைக்ரேஷன்ல வரவே இல்ல. அதனால பழைய சிஸ்டத்தை படிக்க மட்டும் இன்னும் ஓட விட்டிருக்கோம், நான் வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை உள்ள போறேன். செலவு ஆகுதுன்னு அதை மூடச் சொல்வாங்க, கடைசி பழைய பாலிசி முடியுற வரைக்கும் விடாதீங்க.