கோவளத்தில் கைட் சர்ஃபிங் வகுப்பு: போகலாமா?

பெரிய காற்றாடி இழுக்க, பலகையில் நின்று கடலில் சறுக்குவதுதான் கைட் சர்ஃபிங்; ஈசிஆரில் கோவளம் பக்கம் இருக்கும் ஒரு பள்ளியின் அறிமுக வகுப்பு இது. மாஸ்டர் பொறுமைசாலி. தண்ணீரில் இறக்குவதற்கு முன் மணலிலேயே சின்னக் காற்றாடியைக் கொடுத்து, அவசரத்தில் அதைக் கழற்றிவிடும் கொக்கியைத் திரும்பத் திரும்ப இழுக்க வைத்தார், சலிப்புதான், ஆனால் அது தெரியாமல் கடலில் இறங்கக் கூடாது. மொட்டை மாடியில் மாஞ்சா விட்ட திறமையெல்லாம் இங்கே செல்லாது!

இடைவேளையில் வரலாறும் வந்தது. 1984-இல் பிரான்சின் புரூனோ, டொமினிக் லெகான்யூ சகோதரர்கள் விளிம்பில் காற்றடைத்த காற்றாடிக்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள்; தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும், அங்கிருந்தே மறுபடி மேலே கிளப்பலாம். என்னைக் கேட்டால் இந்த விளையாட்டே அதில்தான் நிற்கிறது. அமெரிக்காவில் ரோஸ்லர் அப்பாவும் மகனும் 1994-இல் காற்றாடி இழுக்கும் நீர்ச்சறுக்கான 'கைட்ஸ்கீ'யை விற்றார்கள், அப்புறம் 1997-இல் லெகான்யூ சகோதரர்களின் 'விபிகா' காற்றாடி சந்தைக்கு வந்தபிறகு இந்த விளையாட்டு வேகம் பிடித்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் (பந்தயம் நடந்தது மார்செய் கடலில்) சேர்ந்தேவிட்டது.

சரி, குறைகள். ஹார்னஸ் (காற்றாடியை உடம்போடு இணைக்கும் இடுப்புப் பட்டை) பழசு, இடுப்பில் உரசுகிறது. காற்று வராவிட்டால் பணம் திரும்பாது, வேறு தேதிதான் தருவார்கள். கோடையில் கடல்காற்று ஏறும் பிற்பகல் நேரமாகக் கேட்டு வாங்குங்கள். நீச்சல் தெரியாதவர்கள் முதலில் அதைக் கற்றுக்கொண்டு போங்கள்.