“இன்னும் ரெண்டு பற்றரி போடுங்க” என்று கடைக்காரர் சொன்னால் காசைக் கொடுத்துவிடாதீர்கள்

திருகோணமலைப் பக்கம் கரண்ட் எட்டாத காணிக்கு சோலார் போட நினைப்பவர்கள் அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் இதை ஒரு தடவை வாசியுங்கள். எனக்கு முதலில் போனது 6 லட்சத்து 40 ஆயிரம், பிறகு மனைவியின் காப்பை அடகு வைத்து இன்னும் 1 லட்சத்து 80 ஆயிரம். முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

எங்கள் வளவு குச்சவெளியில் இருந்து திரியாய்க்குப் போகிற பக்கம், ரோட்டை விட்டு நன்றாக உள்ளே. கடைசி மின்கம்பத்துக்கும் எங்கள் படலைக்கும் இடையில் ஒன்றரைக் கிலோமீற்றர். அம்மாவின் இன்சுலின் வைக்க ஒரு சின்னப் பிரிட்ஜ், இரண்டு ஃபேன், ஆறு பல்ப், கிணற்றுக்கு ஒரு சின்ன மோட்டர், அப்புறம் யானை வருகிற இடம் என்பதால் விடிய விடிய எரிய ஒரு வெளி லைட். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 2 யூனிற் அளவில் வரும். இதை ஒரு கொப்பித்தாளில் எழுதிக்கொண்டுதான் டவுனில் இருக்கிற அந்தக் கடைக்குப் போனேன். அந்தத் தம்பி தாளை வாங்கிப் பார்க்கவே இல்லை. “அண்ணா, பற்றரி கூடப் போட்டா நீங்க ஒண்டுக்கும் யோசிக்கத் தேவையில்ல” என்றார். 330 வற் பனல் இரண்டு, 200 ஏ.எச். (அம்பியர்-அவர், பற்றரியின் கொள்ளளவு) உள்ள 12 வோல்ற் பற்றரி நான்கு, 24 வோல்ற் இன்வேட்டர், எம்.பி.பி.ரி. (பனலின் முழு வலுவையும் எடுத்துப் பற்றரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற வகை) என்று ஸ்ரிக்கர் ஒட்டிய ஒரு கொன்ட்ரோலர், அதாவது பனலில் இருந்து பற்றரிக்குப் போகிற சார்ஜைக் கட்டுப்படுத்துகிற பெட்டி. பில்லில் இருந்தது “சோலார் சிஸ்டம் – 1” என்ற ஒரே ஒரு வரி. அதை அப்படியே வாங்கிக்கொண்டு வந்ததுதான் நான் விட்ட பெரிய பிழை.

ஆடி மாதம் பூட்டினோம். கச்சான் காற்று அடிக்கிற காலம், வானத்தில் ஒரு முகில் இல்லை, முதல் இரண்டு கிழமை வீடே வெளிச்சமாக இருந்தது. அதற்குப் பிறகு விடியப்புறம் நாலு மணிக்கு இன்வேட்டர் கத்தி நிற்கத் தொடங்கியது, பிறகு இரண்டு மணி, பிறகு நடுச்சாமம். கடைக்குப் போன் பண்ணினால் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான், உங்கட பாவனை கூட, பற்றரி போதாது, இன்னும் ரெண்டு போடுங்க. புரட்டாதியில் அதையும் போட்டேன். ஒரு மாதம்கூட நிற்கவில்லை. இரவில் பிரிட்ஜ் நின்றுவிடும் என்ற பயத்தில் இன்சுலினை ஈரச்சாக்கு சுற்றிய மண்பானைக்குள் வைத்து, அம்மா நித்திரை கொள்ளாமல் அடிக்கடி எழும்பித் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததை என்னால் மறக்க முடியாது.

தீபாவளிக்கு வந்த என் மருமகன் எலெக்ட்ரிக்கல் படித்தவர். நல்ல வெயிலில், பகல் 12 மணிக்கு, வயரை வெட்டாமலே அதில் ஓடுகிற அம்பியரை அளக்கிற கிளாம்ப் மீற்றரை பனல் வயரில் போட்டார், 17 அம்பியர். பற்றரிப் பக்கத்து வயரிலும் அதே 17. பனல் வயரில் வோல்ற் 25.9, பற்றரியில் 25.6. “மாமா, இது எம்.பி.பி.ரி. இல்ல” என்றார். உண்மையான எம்.பி.பி.ரி. என்றால் அந்த நேரத்தில் பனல் பக்கம் வோல்ற் கூடுதலாகவும், பற்றரிப் பக்கம் அம்பியர் கூடுதலாகவும் காட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் அது பி.டபிள்யூ.எம். என்கிற சாதாரண வகை, பனலைப் பற்றரியின் வோல்ற்றுக்கு இழுத்து வைத்துவிடும். மூடியைக் கழற்றிக் காட்டினார், உள்ளே கைவிரல் அளவு இரண்டு கப்பாசிற்றர், ஒரு சின்ன போர்ட், உண்மையான எம்.பி.பி.ரி.க்குள் இருக்க வேண்டிய செம்புக் கம்பி சுற்றிய கொயில் ஒன்றைக்கூடக் காணவில்லை. கையில் எடுத்தால் போன் அளவு பாரம்தான். 660 வற் பனலில் பற்றரிக்குப் போனது 435 வற்.

அதோடு முடியவில்லை. இந்த 60 செல் பனல் 33 வோல்ற் என்று எழுதியிருந்தாலும் தகரக் கூரையில் நடுப்பகல் சூட்டில் 28க்குக் கிட்ட இறங்கிவிடும், 24 வோல்ற் பற்றரி முழுதாக நிரம்ப 28.8 அளவு வேண்டும். ஆகவே எங்கள் பற்றரி ஒரு நாள்கூட நிரம்பியதில்லை. நிரம்பாத ஈயப் பற்றரியின் தட்டில் சல்பேற் படிந்து இறுகும், அதுதான் அதன் சாவு. பற்றரிக்குள் இருக்கிற அசிட்டின் அடர்த்தியை அளக்கிற ஐதரோமீற்றரை விட்டுப் பார்த்தபோது, நிரம்பிய பற்றரியில் 1.265 இருக்க வேண்டிய இடத்தில் 1.150.

மருமகன் கணக்குப் போட்டு விளங்கப்படுத்தியதைத்தான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். 200 ஏ.எச். பற்றரி நான்கை இரண்டு சோடியாகக் கட்டினால் 24 வோல்ற்றில் 400 ஏ.எச். அதற்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 40 அம்பியராவது சார்ஜ் போக வேண்டும். அதற்கு நல்ல எம்.பி.பி.ரி.யோடு 1,300 வற்றுக்கு மேல் பனல் தேவை. எனக்குத் தந்தது அதில் பாதி. பனலைக் கூட்டாமல் பற்றரியைக் கூட்டியதால் நிலைமை இன்னும் மோசமானது, புதிய சோடியும் பழைய சோடிகளோடு சேர்ந்து பட்டினி கிடந்தது. பற்றரி விற்றால் லாபம் கூட என்பதால்தான் அதைத் தள்ளினார்கள் என்று நான் நம்புகிறேன்.

கடைக்குப் போய்க் கேட்டேன். கொன்ட்ரோலரின் ஸ்ரிக்கர் தங்களுடையது இல்லை என்றார்கள், பில்லில் மொடல் எதுவும் இல்லாததால் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன், அவர்களின் இலக்கம் 1977. நீங்கள் வாங்கினால் பனலின் வற், வோல்ற், பற்றரியின் ஏ.எச்., சீரியல் நம்பர், கொன்ட்ரோலரின் மொடல், உத்தரவாதக் காலம் எல்லாவற்றையும் பில்லில் எழுதிக் கேளுங்கள். எழுத மாட்டோம் என்றால் எழும்பி வாருங்கள்.

இப்போது புதிய சோடிப் பற்றரி மட்டும்தான் வேலை செய்கிறது, மற்ற நாலும் போய்விட்டன. பனலை நாலாக்கி, உண்மையான எம்.பி.பி.ரி. ஒன்று போட்டு, சார்ஜை 30 அம்பியருக்கு மட்டுப்படுத்தி வைத்திருக்கிறோம். இந்த மாரியில் மூன்று நாள் தொடர்ந்து இருட்டிக் கிடந்தும் பிரிட்ஜ் நிற்கவில்லை. மருமகன் கிளாம்ப் மீற்றரை என்னிடமே விட்டுப் போயிருக்கிறார். குச்சவெளி, இறக்கக்கண்டி, திரியாய்ப் பக்கம் யாராவது இதே மாதிரிப் பெட்டி வாங்கியிருந்தால் சொல்லுங்கள், ஒரு வெயில் நாளில் வந்து அளந்து பார்த்துத் தருகிறேன்.