பலிகடா, பகடைக்காய், அப்பாவி, நிரபராதி: எங்கே எந்தச் சொல்?

பாலம் இடிந்து விழுகிறது. சிமெண்டைக் குறைத்தவர் ஒப்பந்ததாரர். பார்க்காமலே கையெழுத்துப் போட்டவர் பொறியாளர். கைதானவரோ மேஸ்திரி. அவரை என்னவென்று எழுதுவது? இந்த நான்கு சொற்களில் கைக்கு வந்ததைப் போட்டுவிடுகிறோம். நான்கும் சொல்வது நான்கு வெவ்வேறு செய்தி.

இங்கே பொருந்துவது பலிகடாதான். அந்தச் சொல்லுக்கு இரண்டு பேர் வேண்டும்: மாட்டிக்கொண்டவர் ஒருவர், அதனால் தப்பித்தவர் ஒருவர். தப்பித்தவர் இல்லையென்றால் பலிகடாவும் இல்லை. வெள்ளத்தில் இறந்தவரைப் பலிகடா என்பது பிழை. அவர் வெள்ளத்துக்குப் பலியானவர்.

ஒரு நுட்பம் உண்டு. கோயிலில் வெட்டுப்படும் கடாவின் மேல் யாரும் குற்றம் சுமத்துவதில்லை. பழியைச் சுமக்கிற ஆடு விவிலியத்தில்தான் வருகிறது. லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களுக்குச் சீட்டுப் போடுகிறார்கள். ஒன்று பலியாகிறது. மற்றதன் தலையில் தலைமைக் குருவான ஆரோன் இரண்டு கைகளையும் வைத்து, மக்களின் பாவங்களை அறிக்கையிட்டு, அதை உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதைப் 'போக்காடு' என்கிறது. ஆங்கிலத்தின் 'ஸ்கேப்கோட்' இந்த ஆடுதான். 1530இல் வில்லியம் டிண்டேலின் ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில் வந்த சொல். போக்காடு எவ்வளவு அழகான, துல்லியமான சொல்! பொதுவழக்குக்கு அது வராமல் போனதால், பலிகடாவே இரண்டு ஆட்டின் வேலையையும் பார்க்கிறது.

'பழிகடா' என்று எழுதுவது தவறு. பேச்சில் ழகரம் லகரமாகத் தேய்வதாலும், பழி என்ற பொருள் பக்கத்திலேயே நிற்பதாலும் கை தானாக அப்படி எழுதிவிடும். பலி என்பது படையல். பழி என்பது நிந்தை.

பகடைக்காய் வேறு ஆட்டம். காயை நகர்த்துபவர் ஒருவர், நகர்வது இன்னொருவர். பழி விழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டு கட்சிகளின் சண்டையில் இழுபடும் அதிகாரி பகடைக்காய். சண்டை முடிந்ததும் எல்லாத் தவற்றையும் அவர் தலையில் கட்டினால், அன்றைக்கு அவர் பலிகடா.

அப்பாவி என்பது சூதுவாது தெரியாதவர் என்று குணத்தைச் சொல்கிறது. விவரமான ஆளும் பலிகடா ஆகலாம். நிரபராதிக்கோ நிரூபணம் வேண்டும். நீதிமன்றச் செய்திக்கு உரிய சொல் அது.

கோவலனை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், விற்க வந்த கோவலன்மேல் திருட்டைப் போட்டான். அந்தக் கணமே கோவலன் பலிகடா. கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து, அரசியின் சிலம்பில் இருந்த முத்துக்குப் பதிலாக மாணிக்கம் தெறித்த பிறகுதான் அவன் நிரபராதி. அதற்குள் உயிர் போய்விட்டது. அவன்மேல் விழுந்தது வீண்பழி, அபாண்டம். இவை குற்றச்சாட்டின் பெயர்கள், ஆளின் பெயர்கள் அல்ல. 'அவர் ஓர் அபாண்டம்' என்று எழுத முடியாது.

சொல்லைச் சரியாகப் பிடித்தும் வினையில் கோட்டைவிடுவது உண்டு. 'மேஸ்திரி பலிகடா ஆனார்' என்றால் அது தானாக நடந்ததுபோல் ஆகிவிடுகிறது. 'பலிகடா ஆக்கப்பட்டார்' என்றால் யாரோ செய்தது தெரிகிறது, யாரென்று தெரியவில்லை. ஆதாரம் கையில் இருக்கும்போது எழுவாயோடு எழுத வேண்டும்: 'ஒப்பந்ததாரரும் பொறியாளரும் மேஸ்திரியைப் பலிகடா ஆக்கினார்கள்.'