‘காணவில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்

போன செப்டம்பரில் பைக்கில் வந்த இரண்டு பேர் என் செல்போனைப் பறித்துக்கொண்டு போனார்கள். சென்னையில் இது ஒரு செய்தியே இல்லை. நான் ஏமாந்தது அன்றைக்கு இல்லை. மறுநாள் காலை, காவல் நிலையத்தில், என் பேனாவால், என் கையெழுத்திலேயே ஏமாந்தேன். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

எனக்கு நந்தனத்தில் வேலை. அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது இரவு எட்டே கால் இருக்கும். பால் வாங்கி வரட்டுமா என்று கேட்க வீட்டுக்குப் போன் செய்தேன். காதில் வைத்த போன் வைத்தபடியே போய்விட்டது. இழுத்த வேகத்தில் நிலை தடுமாறி, தெருவோரத் தகரத் தடுப்பில் முழங்கை உரசித் தோல் வழன்றுவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த பையன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். இருபது வயதுகூட இருக்காது. வண்டி நம்பரைப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டாமா என்று இதுவரை பதினைந்து பேராவது கேட்டுவிட்டார்கள்.

போன் வாங்கி ஐந்து மாதம்தான். விலை 23,499 ரூபாய், நான்கு தவணை பாக்கி. வாங்கும்போதே கடைக்காரர் வற்புறுத்தி 1,899 ரூபாய்க்கு இன்சூரன்ஸும் போட்டுக் கொடுத்திருந்தார். அந்தத் தைரியத்தில் அன்று ராத்திரி தூங்கக்கூடச் செய்தேன்.

மறுநாள் காலை ஒன்றரைப் பக்கத்துக்குப் புகார் எழுதி எடுத்துப் போனேன். எந்த நிலையம் என்று வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. வாசலில் இருந்தவர் “கிரைம் சைடு போங்கம்மா” என்றார். அங்கே ஒரு மணி நேரம் பெஞ்சு. அப்புறம் ரைட்டர், அதாவது நிலையத்தின் எழுத்து வேலையைப் பார்க்கும் காவலர், கூப்பிட்டார். அதட்டவில்லை, விரட்டவில்லை. அந்த மனிதர் மேல் இன்றும் எனக்குப் பெரிய கோபம் இல்லை, அவ்வளவு தன்மையாகப் பேசினார். புகாரை முழுக்கப் படித்துவிட்டு, “வண்டி நம்பர் தெரியுமா? ஆள் அடையாளம்? அப்புறம் யாரைம்மா பிடிக்கிறது?” என்றார். நான் முழிக்க, அவரே வழியும் சொன்னார். “பறிச்சிட்டாங்கன்னு எழுதினா கேஸ் ஆகும். கோர்ட்டு, சாட்சின்னு நீங்கதான் அலையணும். உங்களுக்கு என்ன வேணும்? பழைய நம்பருக்கு சிம் வேணும், போனை பிளாக் பண்ணணும். ரெண்டுக்கும் சி.எஸ்.ஆர்., அதான் மனு ரசீது, போதும். புதுசா ஒரு பேப்பர் வாங்கிட்டு வாங்க, நான் சொல்றேன்.”

எதிரே ஜெராக்ஸ் கடை. ஒரு வெள்ளைத் தாள் கேட்டேன். கடைப் பையன் நிமிராமலே, “ரெண்டாவது பேப்பராக்கா?” என்றான். இரண்டு ரூபாய். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ரைட்டர் சொல்லச் சொல்ல எழுதினேன். “நேற்று பேருந்தில் பயணம் செய்து வீடு திரும்பும்போது எனது செல்போன் எங்கோ தவறிவிட்டது. மேற்படி செல்போனைக் கண்டுபிடித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.” முழங்கைப் பிளாஸ்திரி தாளில் ஒட்டி ஒட்டி வந்தது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் ‘தவறிவிட்டது’ என்று எழுதினேன். பத்து நிமிஷத்தில் முத்திரை குத்திய ரசீது கைக்கு வந்தது. நன்றி சொல்லிவிட்டு வேறு வந்தேன்.

அவர் சொன்னது பொய்யும் இல்லை. அன்று மாலையே சிம் கிடைத்தது. மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் அந்த ரசீதையும் பில்லையும் ஏற்றி, அந்தப் போனுக்கே உரிய ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்து போனை முடக்கவும் முடிந்தது. இன்சூரன்ஸில்தான் அடி விழுந்தது. அக்டோபரில் பதில் வந்தது: பாலிசி திருட்டுக்கும் பறிப்புக்கும்தான், தொலைந்ததற்குக் கிடையாது, திருட்டு என்றால் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) நகல் வேண்டும். என் புகார்படி நான் போனைத் தொலைத்தவள்.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஓய்வு பெற்ற ஏட்டு ஒருவர் இருக்கிறார். ரசீதைக் காட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “உன்னை யாரும்மா காணவில்லைன்னு எழுதச் சொன்னது?” பிறகு அவர் வராந்தாவில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததைத்தான் கீழே எழுதுகிறேன். சட்டப் பிரிவுகளை நான் தனியாகவும் பார்த்துச் சரி செய்துகொண்டேன்.

சி.எஸ்.ஆர். என்பது சமூகப் பணிப் பதிவேடு. நீங்கள் மனு கொடுத்தீர்கள், நாங்கள் வாங்கிக்கொண்டோம் என்பதற்கு அத்தாட்சி. அவ்வளவுதான், அது வழக்கு இல்லை. எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகல் நீதித்துறை நடுவருக்குப் போகும், ஒரு அதிகாரி விசாரிக்க வேண்டும், கடைசியில் பிடித்தோம் அல்லது பிடிக்க முடியவில்லை என்று எழுத்தில் முடிக்க வேண்டும். அதுவரை கிரைம் மீட்டிங்கில் மேலதிகாரி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். பதிவேட்டில் தூங்கும் மனுவுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. “இன்ஸ்பெக்டருக்கு உன் போன் பிரச்சினை இல்லைம்மா. பெண்டிங் நம்பர்தான் பிரச்சினை” என்றார்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கும் பதிவான வழக்குகளை வைத்துத்தான். சி.எஸ்.ஆரோடு நின்றுபோனது அந்தக் கணக்கில் நடக்காத சம்பவம். ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றம் இருந்தால் அதில் பெரிய தண்டனை உள்ள ஒன்றை மட்டும்தான் எண்ணுகிறார்கள். குற்ற விகிதம் என்பது ஒரு லட்சம் பேருக்கு எத்தனை வழக்கு பதிவானது என்பதுதான், எத்தனை குற்றம் நடந்தது என்பதில்லை. எண்ணிக்கை ஏறினால் குற்றம் பெருகிவிட்டது, போலீஸ் சரியில்லை என்று எடுத்துக்கொள்வது தவறு என்று அந்தக் காப்பகமே எச்சரிக்கிறது. கேரளாவின் விகிதம் பல வருஷமாக மேல் வரிசையில் நிற்பதற்கு, அங்கே புகாரைப் பதிவு செய்கிறார்கள் என்பதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். இனி யாராவது ‘இந்த ஏரியாவில் பறிப்பே இல்லை, கணக்கைப் பாருங்கள்’ என்று சொல்லி வாடகையைக் கூட்டினால், நான் முதலில் அந்த ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில்தான் விசாரிப்பேன்.

என் விஷயத்தில் ஒரே சம்பவத்துக்கு நான்கு பெயர் வைக்கலாம் என்பது அப்போதுதான் புரிந்தது. தவறிவிட்டது என்றால் குற்றமே இல்லை. திருட்டு என்றால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவு. திடீரென்று பிடுங்கினால் 304, பறிப்பு. 2024 ஜூலை 1-க்கு முன்பு இதற்கென்று தனிப் பிரிவே இல்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 379-இலோ (திருட்டு) 392-இலோ (கொள்ளை) தள்ளுவார்கள். திருடுவதற்காக அடித்தாலோ காயப்படுத்தினாலோ 309, கொள்ளை. பறிப்புக்கு மூன்று வருஷம் வரை என்றால் இதற்குப் பத்து வருஷமோ அதற்கு மேலோ போகலாம். பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு ஏட்டு, “இதை எழுதியிருந்தா எங்கேயோ போயிருக்கும்” என்றார்.

இன்னொரு பொறி பொருளின் மதிப்பு. “இப்ப வித்தா என்ன வரும்?” என்று ரைட்டர் கேட்டது சும்மா பேச்சு என்று நினைத்திருந்தேன். வெறும் திருட்டாக இருந்து மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே போனால், நடுவர் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகைக்குள் அது போய்விடக்கூடும். பழைய போனாக இருந்தாலும் பில்லில் உள்ள தொகையை எழுதுங்கள்.

கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. அந்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் நம் ஈரோடு மாவட்டத்துக்காரரான ப.சதாசிவம். இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் ஒரு சின்ன இடைவெளி விட்டிருக்கிறார்கள். மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஏழு வருஷத்துக்குள் தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாம். பறிப்பும் இதற்குள் வருகிறது. ஆகவே ‘விசாரிக்கிறோம்’ என்றால் அன்றிலிருந்து நாளை எண்ணுங்கள். சம்பவம் எங்கள் எல்லையில் இல்லை என்று திருப்பி அனுப்பவும் முடியாது. எங்கே நடந்திருந்தாலும் வாங்க வேண்டும் என்று 173-ஆம் பிரிவு சொல்கிறது. எஃப்.ஐ.ஆர். நகலும் இலவசம்.

நிலையத்தில் மறுத்தால் அதே 173-இன் நான்காம் உட்பிரிவுப்படி எஸ்.பி.க்கு எழுத்து மூலம் தபாலில் அனுப்பலாம். சென்னை நகரத்தில் அந்த இடத்தில் இருப்பவர் துணை ஆணையர். அங்கேயும் நடக்காவிட்டால் நடுவர் நீதிமன்றம். நான் முதலில் எழுதிய ஒன்றரைப் பக்கம் நல்லவேளையாகக் கைப்பையிலேயே மடங்கிக் கிடந்தது. அதன் நகல், சி.எஸ்.ஆர். ரசீது, முழங்கைக்கு ஊசி போட்ட கிளினிக்கின் சீட்டு, ஏன் புகார் மாறியது என்று ஒரு பக்க விளக்கம், எல்லாவற்றையும் சேர்த்து, போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்பினேன்.

பதினாறாம் நாள் அதே நிலையத்திலிருந்து போன். “மேடம், நேர்ல வந்திருந்தா நாங்களே பண்ணியிருப்போமே!” பிரிவு 304 என்று எஃப்.ஐ.ஆர். பதிவானது. காயத்தைப் பற்றி ஒரு வரி இருக்கிறது, ஆனால் 309 போடவில்லை. அதற்கும் சண்டை போடு என்றார் ஏட்டு. எனக்குத் தெம்பில்லை. பறிபோனது செப்டம்பரில், கணக்கில் ஏறியது நவம்பரில்.

இன்சூரன்ஸ்காரர்கள் எஃப்.ஐ.ஆரைப் பார்த்துவிட்டு, இரண்டு புகாரும் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதால் ஏற்க முடியாது என்று மறுபடி எழுதிவிட்டார்கள். முதலில் அனுப்பிய சி.எஸ்.ஆர். நகல் அவர்கள் கையில் பத்திரமாக இருக்கிறது. நம் ஊரிலேயே காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நிறுவனம் எழுத்தில் மறுத்த பிறகு அங்கே போகலாம். போன வாரம் மனு கொடுத்துவிட்டு வந்தேன். போன் கிடைக்கவில்லை. கடைசித் தவணை வருகிற 5-ஆம் தேதி.